மாதையண்ணன் கேட்ட இரண்டு விசில்

"…ரெண்டு விசிலு, அவ்ளோதான் தம்பி உன்னக் கேக்கறேன். மிச்சத்த என் கை பாத்துக்கும்."

சொன்னவர் மாதையண்ணன். அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு அவர் டிரைவர், நான் கண்டக்டர். வண்டி நின்றிருந்தது மலை இறக்கத்தில், ஒரு வளைவில். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிகிற பள்ளம். கொஞ்சம் முன்னால் நான் இறக்கிவிட்ட ஜனங்கள் திரும்பவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விசில் என் உதட்டில் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால், புதிதாகக் கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட் மெஷினை எப்படித் தட்டுவது, சில்லறைத் தகராறை எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் டிப்போவில் சொல்லித் தருவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கற்றது கம்மி. பஸ்ஸில் ஏறினவர்கள் பேசின பேச்சில் கற்றதுதான் அதிகம். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். எந்த நேரத்தில் அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்களுக்காவது ஒருத்தன் சொல்லியிருக்கட்டும்.

மாதையண்ணன் சாதாரண டிரைவர் இல்லை. மலைக்காரர்கள் அவர் வண்டி என்றால் கோழிக்குஞ்சுக் கூடையைக்கூட மடியில் வைக்காமல் கீழே வைப்பார்கள், அவ்வளவு அலுங்காமல் வரும். பல வருஷம் முன்னால் அவருக்கு ஒரு விபத்து. பஸ்ஸில் இல்லை. டூட்டி முடிந்து பைக்கில் வூட்டுக்குப் போகும்போது, லோடு வண்டியிலிருந்து ரோட்டில் சிதறிக் கிடந்த கரும்பின் மேல் சக்கரம் ஏறி வழுக்கிவிட்டது. ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேலே. மண்டைக்குள் ரத்தம் கட்டி, நினைவில்லாமல் கிடந்து, ஆபரேஷன் ஆகி, பிழைத்து எழுந்தார். அப்புறம் முறைப்படி எல்லாப் பரிசோதனையும் ஆகித்தான் திரும்ப வண்டி ஏறினார். அப்போது அவர் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தார். முடி வளர்ந்து தையலை மூடியது. டிப்போவில் எல்லோரும் அந்தக் கதையை அத்தோடு முடித்துவிட்டோம். "மாதையனுக்கு மண்டையில கழண்டுச்சு, நல்ல வேளை சக்கரத்துல கழலல" என்று ஒரு மெக்கானிக் கிண்டல் பண்ணுவான், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய சம்சாரம் கோவிந்தம்மா அக்கா மட்டும்தான் அப்போதே வேறு மாதிரி சொன்னது. "ஆஸ்பத்திரியில இருந்து முக்கால்வாசி ஆளத்தான் அனுப்பிச்சாங்க. மிச்சம் வரும் வரும்னு பாத்துக்கினே இருக்கறேன்." நாங்கள் அதையும் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

நான் அவரோடு ஜோடி சேர்ந்தது இதெல்லாம் நடந்து ரொம்பக் காலம் கழித்து. எனக்கு வாய் சும்மா இருக்காது. வண்டி அரூர் ஸ்டாண்டை விட்டால் என் வாயும் புறப்பட்டுவிடும். "அண்ணே, பாறை வளைவு வருது, ஆரன் குடுங்க, மேல இருந்து ஜீப்பு வந்தாலும் வரும்." "அண்ணே, இந்த அக்கா பலாமரத்துக்கிட்ட எறங்குது, முட்டி வலிக்காரங்க, ஓரமா நிறுத்துங்க." "அண்ணே, கோயில் தாண்டிட்டம், இனிமே எறக்கந்தான்." இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மலைப் பாதையில் வாய் பேசினால் வயிறு கலங்காது என்று நானாகப் பழகிக்கொண்டது. ஜனங்களுக்கும் பிடித்திருந்தது. "ரேடியோ இல்லாத வண்டியில இந்தக் கண்டக்டரு போதும்" என்று ஒரு கிழவர் சொல்வார்.

கடைசி ஒன்றிரண்டு வருஷத்தில் மாதையண்ணன் கொஞ்சம் மாறினார். முதலில் கோபம். சிரிப்பாக எடுத்துக்கொள்கிற மனுஷன், பின்னால் வருகிறவன் ஆரன் அடித்தால் இறங்கிப் போய்ச் சண்டை பிடித்தார். அப்புறம், டீ குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, டீ சொல்லியாச்சா என்று கேட்டார். ஒரு நாள் ஸ்டாண்டில் வண்டியை வேறு ஊர் வண்டி நிற்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எல்லாரும் எங்கே போனார்கள் என்று என்னைக் கேட்டார். டிப்போவில் குடி என்று முடிவு கட்டினார்கள். ஊதச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றதும் விஷயமே இல்லை என்று விட்டுவிட்டோம்.

ஒரு காதுகுத்தில் கோவிந்தம்மா அக்காவைப் பார்த்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டது: வண்டியில அவரு எப்படிங்க இருக்காரு? வூட்டில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். மாட்டைக் கட்டிவிட்டு வந்து, மாடு எங்கே என்கிறாராம். திருத்தினால் சண்டைக்கு வருகிறாராம். நான் அக்காவுக்குத் தைரியம் சொன்னேன், வண்டியில் ராஜா மாதிரி இருக்கிறார் என்று. அக்கா மூச்சு விட்டது. வண்டியையே ஓட்டுகிறவருக்கு என்ன வந்துவிடும் என்று அதுக்கு நிம்மதி. வூட்டில் வயசாகிற கோளாறு, வேலையில் கெட்டி என்று எனக்கு நிம்மதி. ஆளுக்குப் பாதி பார்த்தோம். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

மூளை விஷயத்தை எனக்கு விளக்கியது தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தலையில் பலமாக அடிபட்டவர்களுக்குக் காயம் ஆறின பிறகும், பல வருஷம் கழித்து மறதி நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். எல்லாருக்கும் வரும் என்று இல்லை, பயப்படுத்தச் சொல்லவில்லை என்று இரண்டு தரம் சொன்னார். மறதி என்றாலே அதுதான் என்றும் முடிவு கட்டக் கூடாதாம். சத்துக் குறைவாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம்; அதையெல்லாம் பார்க்க வேண்டும், சிலதைச் சரி பண்ணிவிடலாம். அதனால்தான் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறோம் என்றார். நான் கேட்டேன், அப்படியென்றால் அவர் எப்படி இத்தனை நாள் மலையில் ஓட்டினார்? பழகின வேலை கையிலும் காலிலும் ரொம்ப நாள் தங்குமாம். வழக்கத்தில் இல்லாத ஒன்று குறுக்கே வந்து, நின்று யோசித்து முடிவெடுக்க வேண்டி வரும்போதுதான் தெரியுமாம். அப்புறம் அந்த அம்மா என்னைக் கேட்டார்: "அவருக்கு வழி சொல்ல பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

இருந்தேன், நான்தான். அந்த ஒரு நாளைத் தவிர.

ஏனென்றால் அந்த நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மழையில் நனைந்து குரலே போய்விட்டது. காற்றுதான் வந்தது. சித்தேரியில் ஏறின சாமை மூட்டைக்காரம்மா ஒருத்தி, "என்னாங்க கண்டக்டரே, உங்க சம்சாரம் வாயத் தெச்சு அனுப்பிச்சிருச்சா?" என்று கேட்டு வண்டியையே சிரிக்க வைத்தாள். நானும் சைகையிலேயே டிக்கெட் போட்டேன். வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எறங்குகிறவர்களைப் பற்றியும் சொல்லவில்லை. நிறுத்த ஒன்று, போக இரண்டு, அவ்வளவுதான்.

மேலேயே ஒரு இடத்தில் நிற்காமல் போனார். விசில் அடித்தேன், கொஞ்சம் தள்ளி நின்றது. இறங்கின ஆள் திட்டிக்கொண்டே போனான். மாதையண்ணன் பதிலே பேசவில்லை. அந்த அமைதி எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் என் தொண்டை வலிதான் எனக்குப் பெரிசாக இருந்தது.

பாதி இறக்கத்தில், கீழேயிருந்து ஒரு சரக்கு வேன் ஏறி வந்தது. தகர ஷீட்டு ஏற்றி, அகலமாக வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். மாதையண்ணன் பாறைப் பக்கம் ஒதுங்கி நிறுத்தினார். அது வரை சரி. நிறுத்தினவர் கியரை எடுத்துவிட்டார். என்ஜினையும் அணைத்துவிட்டார். ஹேண்ட் பிரேக்கைப் போடவில்லை. வேன் உரசாமல் கடந்து மேலே போய்விட்டது. ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். டயர் அடியில் கல் நசுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி தானாக நகர்ந்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். மற்ற யாருக்கும் கேட்காத குரலில், வழி கேட்கிற வெளியூர்க்காரன் மாதிரி, மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, நாம மேல போறமா, கீழ போறமா?"

கத்த எனக்குக் குரல் இல்லை. இருந்திருந்தால் கத்தியிருப்பேன், கத்தியிருந்தால் ஜனங்கள் கதவுக்குப் பாய்ந்திருப்பார்கள், அவரும் பதறி எதையாவது மிதித்திருப்பார். விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு தரம் ஊதினேன். அவர் கண் என் மேலேயேதான் இருந்தது. கால் மட்டும் தானாகப் போய் பிரேக்கில் இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. நான் அவர் மேல் சாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

பிரேக்கில் காற்று இறங்கிவிட்டது, எல்லாரும் கொஞ்சம் கீழே நில்லுங்கள் என்று ஒரு பொய் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. சாமை மூட்டைக்காரம்மாதான் என் வாய் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். முன் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அன்று பரீட்சை, அழுகிற நிலையில் இருந்தது. மேலேயிருந்து பைக்கில் இறங்கி வந்த ஒருத்தர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்பதால் அவரோடு ஏற்றிவிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். எனக்கு அது போதவில்லை, மெதுவாகப் போங்க மெதுவாகப் போங்க என்று சைகை காட்டிக்கொண்டே நின்றேன்.

திரும்பி வந்தால் மாதையண்ணன் கீழே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். தெளிவாக இருந்தார். அதுதான் எனக்குச் சங்கடமே. உளறிக்கொண்டிருந்தால் முடிவெடுப்பது சுலபம். இவரோ டயரைத் தட்டிப் பார்த்தார், ஜனங்களிடம் ஒன்றும் இல்லை என்றார், சாமை மூட்டைக்காரம்மாவிடம் "உன் மூட்டை பாரத்துலதான் பிரேக்கே போச்சு" என்று கிண்டல்கூடப் பண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரே சொல்லிவிட்டார், ஏறுங்க என்று ஒருத்தர் ஆரம்பிக்க, மற்றவர்களும் ஏறினார்கள். ஆஸ்பத்திரி போகிறவர் ஒருத்தர், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர் ஒருத்தர். தொண்டை கட்டின கண்டக்டருக்காக மலையில் நிற்க யாருக்கும் தலையெழுத்து இல்லை. யாரோ கல்லையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

மாதையண்ணன் ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டார். நான் பக்கத்தில் போய், கொஞ்சம் இருக்கலாம், அடுத்த வண்டி வரட்டும், அதில் டிரைவர் அனுப்பச் சொல்லலாம் என்றேன். டவர் கிடைக்காத இடம், போன் பண்ணவும் வழியில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இன்னிக்கி நீ எறக்கிவிட்டா, அப்புறம் யாரும் என்ன ஏத்த மாட்டாங்க தம்பி."

ஓய்வுக்கு அவருக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை ஸ்டியரிங் பிடித்தே முடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதில் தப்பென்ன? ஒரு நிமிஷம் எல்லாருக்கும்தான் கண் இருட்டும். எனக்கே அந்த வாரம் ஒரு தரம் மயக்கம் வந்தது. ஒரு தடவை தடுமாறினதற்கு ஒரு மனுஷனை அத்தனை ஜனத்துக்கு நடுவில் கீழே இறக்குவதா? என் மனசு அவர் பக்கம்தான் சாய்ந்தது. உள்ளதைச் சொல்கிறேன், விசிலை உதட்டில் வைத்துவிட்டேன்.

என் முகத்தில் தயக்கத்தைப் பார்த்து, அவர் தன்னைத் தானே நிரூபிக்க ஆரம்பித்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலை மடக்கி மடக்கி, வரப்போகிற வளைவை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊத்து வளைவு, அதில் தண்ணீர் கசியும், பிரேக் மிதிக்கக் கூடாது. அதுக்கு அடுத்து பலாமரம், வேர் ரோட்டுக்குள் வந்திருக்கும். அதுக்கு அடுத்து கோயில் வளைவு, ஆரன் அடித்து, இடது கையால் கும்பிட்டுவிட்டுத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கியர் என்பது வரை. ஒன்றுகூட விடவில்லை. முன் சீட்டில் இருந்த கோர்ட்டுக்காரர், "இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

அந்த வரிசையை நானும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அத்தனையும் நாங்கள் தாண்டி வந்த வளைவுகள். எங்களுக்குப் பின்னால், மேலே இருந்தன. மலை ஏறுகிற வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் பள்ளத்தாக்கும் அரூர்ப் பக்கத்து வயலும் தெரிகிறது, அவர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தை ஞாபகத்தில் வையுங்கள். டிரைவர் தள்ளாடினால், வாய் குழறினால், யார் வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள். எல்லாம் சரியாகச் சொல்கிற ஆளிடம்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டி வரும். அப்போது வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் அவர் பக்கம் இருப்பார்கள். நீங்களும் அவர் பக்கம் இருப்பீர்கள்.

கோர்ட்டுக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். பின்னாலிருந்து "ரைட்டு, ரைட்டு" என்று ஜனங்களே குரல் கொடுத்தார்கள். மாதையண்ணன் அதற்கெல்லாம் நகர்த்தவில்லை. அவருக்கு ஜனங்கள் சொல்கிற ரைட்டு ரைட்டு கிடையாது. என்னைத்தான் பார்த்தார், அந்த இரண்டு விசிலைத்தான் கேட்டார்.

விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். கோர்ட்டுக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அண்ணே, ஊத்து வளைவு நமக்குப் பின்னால இருக்குதுங்க. நாம எறங்கிக்கினு இருக்கறோம்."

அவர் முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் குனிந்து, பின்னால் ஏறிப் போகிற ரோட்டைப் பார்த்தார். திரும்பவும் முன்னால் பார்த்தார். அவர் கை மெதுவாக ஹேண்ட் பிரேக் பக்கம் போனது. அதை விடுவிக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தடுக்கக் கை நீட்டினால் அவரை அவமானப்படுத்தினதாகிவிடும், நீட்டாவிட்டால் வண்டி நிறைய ஜனம். நான் கையைத் தூக்கிப் பாதியில் நிறுத்தினேன்.

மாதையண்ணன் ஹேண்ட் பிரேக்கை இன்னும் ஒரு தரம் இழுத்து இறுக்கினார். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, ஒரு கையால் வண்டியைத் தடவிப் பிடித்தபடியே அதைச் சுற்றி நடந்து வந்து, பின்வாசல் வழியாக ஏறி, கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தார்.